பப்ளிக் ஹெல்த் படிக்கலாம்... டியூ யாருங்க கட்டறது?

நம்ம கொங்கு மண்டலத்தில் ஒரு பையனோ பொண்ணோ புதுசா ஒரு கோர்ஸ் பேரைச் சொன்னால், வீட்டில் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "ஏன் கண்ணு, அதைப் படிச்சா மாசம் எவ்வளவு வரும்?"

இதைக் கேட்டு, 'எப்பப் பாரு காசு காசு'ன்னு அலுத்துக்காதீங்க. சோமனூரில் தறி போடுகிறவரும், நாமக்கல்லில் கோழிப் பண்ணை வைக்கிறவரும், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி எடுக்கிறவரும் முதல் போடுவதற்கு முன்னால் இதையேதான் கேட்கிறார்கள். படிப்புக்கும் அதே கேள்வியைக் கேட்பதில் தப்பே இல்லை. நாம்தான் பதிலை ரெடியாக வைத்திருக்கணும்!

எம்.பி.ஹெச்.னு சொல்கிற 'மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்' படிப்புக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் என்ன? அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில், அது என்ன படிப்பு?

டாக்டர் ஒரு நோயாளியைப் பார்ப்பார். பப்ளிக் ஹெல்த்காரர் ஒரு ஊரையே பார்ப்பார். எந்த வார்டில் டெங்கு ஏறுது, எந்தத் தண்ணித் தொட்டியில் பிரச்னை, எந்த ஊரில் தடுப்பூசி போடாமல் விட்டுப்போன குழந்தைகள் இருக்கு, பஞ்சு மில்லில் 20 வருஷம் வேலை பார்த்தவருக்கு ஏன் இழுப்பு வருது... இதையெல்லாம் கணக்கெடுத்து, காரணம் கண்டுபிடித்து, வராமல் தடுக்கிற வேலை. பெரும்பாலும் இரண்டு வருஷப் படிப்பு. எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், சுகாதார நிர்வாகம் எல்லாம் உள்ளே வரும்.

இந்தியாவில் இதை முதலில் ஆரம்பித்தது நம்ம பக்கத்து வீடு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் இன்ஸ்டிடியூட்டில், அச்சுத மேனன் மையம் 1997-ல் தொடங்கியது. 2006-ல் பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா வந்த பிறகு, நாடு முழுக்க இந்தப் பேர் பரவியது. நம்ம பக்கம் சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.னு பல இடங்களில் இருக்கு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எபிடெமியாலஜியும் பப்ளிக் ஹெல்த்தும் சேர்ந்த எம்.எஸ்சி. உண்டு.

கொரோனாவுக்கு அப்புறம்தான் நம்ம வயசுக்காரங்களுக்கு இதில் ஆசை வந்தது. ஆச்சரியம் இல்லை. 2021 மே கடைசியில், தினசரி கேஸ் எண்ணிக்கையில் சென்னையையே தாண்டிப் போன ஊர் நம்ம கோவை. அதுக்கும் நூறு வருஷம் முன்னால் பிளேக் வந்து இந்த ஊரைப் பலமுறை காலி பண்ணியது. 'பிளேக் மாரியம்மன்' என்று கோயில் கட்டிக் கும்பிட்ட ஊர் இது. அந்தக் கோயில்கள் இன்றைக்கும் இருக்கு. நொய்யலில் ஓடிய சாயக் கழிவுக்காக, 2011-ல் ஐகோர்ட் உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் நம்ம வீட்டில் யாரும் மறக்கவில்லை. ஆக, நம்ம ஊரில் பப்ளிக் ஹெல்த் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சம்பளம்?

வேலை இருக்கு... நாற்காலி யாருக்கு?

இங்கேதான் பலரும் ஏமாறுகிற இடம். தமிழ்நாடு, பொதுச் சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்னோடி. 1939-லேயே இதற்காகத் தனிச் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம்தான். இந்தியாவிலேயே முதல் சட்டம் அது. தனித் துறை, தனி இயக்குநரகம், தனி அதிகாரிகள் வரிசை எல்லாம் இங்கே உண்டு.

'அப்புறம் என்ன பாஸ், சூப்பர்தானே'ன்னு கேட்கிறீங்களா? அந்த வரிசையின் மேல்படிகள் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கானவை. மாவட்ட சுகாதார அலுவலர், மாநகர நல அலுவலர் நாற்காலிகளில் உட்காருவது டாக்டர்கள். கீழே இருந்து வருகிற சுகாதார ஆய்வாளர் வேலைக்கு, பிளஸ் டூவுக்கு அப்புறம் அதற்கென்று உள்ள பயிற்சிப் படிப்பு போதும், எம்.பி.ஹெச். தேவையில்லை. பி.எஸ்சி.யோ பி.இ.யோ முடித்துவிட்டு எம்.பி.ஹெச். போகிறவர், இந்த இரண்டு படிக்கும் நடுவில் நிற்கிறார்.

அப்படியானால் அவருக்கு வேலை எங்கே? தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தப் பணிகள், ஆராய்ச்சித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், பெரிய ஆஸ்பத்திரிகளின் குவாலிட்டி பிரிவு, ஹெல்த் இன்ஷூரன்ஸ், மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிகள். இதில் பலது 'புராஜெக்ட்' வேலை. புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும்.

ஒப்பந்தச் சம்பளம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு அளவுகோல். 2021 கடைசியில் தமிழ்நாடு முழுக்க மாவட்ட வாரியாக ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். நர்சிங் படித்தவர்களுக்கான இடைநிலை சுகாதாரப் பணியாளர் இடங்கள் 4,848. சம்பளம் 18,000 ரூபாய். சுகாதார ஆய்வாளர் நிலை-2 இடங்கள் 2,448. சம்பளம் 14,000 ரூபாய். இது எம்.பி.ஹெச். சம்பளம் இல்லை. ஆனால் பொதுச் சுகாதாரக் கட்டடத்தின் தரைத்தளம் எந்த உயரத்தில் இருக்கு என்று இதிலிருந்து தெரியும்.

ஏன் இவ்வளவு கம்மி? காரணம் சிம்பிள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணினால் பில் போடலாம். ஒரு வார்டில் டெங்கு வராமல் தடுத்ததற்கு யாருக்கு பில் போடுவது? வராத நோய்க்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். அதனால் இந்த வேலைக்கான பணம் அரசு பட்ஜெட்டில் இருந்தோ, நன்கொடையில் இருந்தோதான் வரணும். அந்தக் குழாயை யாராவது மூடினால் சம்பளமும் நின்றுவிடும்.

மூடியதும் நடந்திருக்கு. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை 1-ல் யு.எஸ்.எய்டு என்ற அமைப்பே தன் வேலையை முடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1995 முதல் எய்ட்ஸ் தடுப்பில் பெரிய பேர் வாங்கிய 'ஏபாக்' திட்டம், அந்தப் பணத்தில் நடந்ததுதான். அப்படிப்பட்ட திட்டங்களை நம்பி வளர்ந்த வேலைச் சந்தை இது என்பதைக் கடன் வாங்குவதற்கு முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளணும்.

வாங்க, கணக்குப் போடலாம்!

இன்ஜினீயரிங் பசங்களுக்கு வேற என்ன தெரியும்? கால்குலேட்டரை எடுத்தாச்சு. இது உங்களுக்குப் புரிவதற்கான ஒரு மாதிரிக் கணக்குதான். உங்கள் பேங்க் சொல்கிற வட்டி, உங்கள் காலேஜ் ஃபீஸ் இரண்டையும் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பொள்ளாச்சிப் பொண்ணை எடுத்துக்குவோம். பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு மாசம் 18,000 வாங்குது. எம்.பி.ஹெச். படிக்க 4 லட்சம் கடன். வருஷத்துக்கு 2 லட்சமாக இரண்டு தவணையில் பேங்க் கொடுக்குது. வட்டி 10 சதவீதம்.

படிக்கிற இரண்டு வருஷமும், அதுக்கு மேல் ஒரு வருஷமும் டியூ கட்ட வேண்டாம். இதுதான் மோரடோரியம். பல பேர் 'வட்டியும் கிடையாது'ன்னு நினைச்சுக்கறாங்க. தப்பு! தனிவட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். முதல் 2 லட்சத்துக்கு மூணு வருஷ வட்டி 60,000. அடுத்த 2 லட்சத்துக்கு இரண்டு வருஷ வட்டி 40,000. ஆக, டியூ ஆரம்பிக்கிற அன்றைக்குக் கடன் 4 லட்சம் இல்லை, 5 லட்சம்.

அதைப் பத்து வருஷத்தில் கட்டினால் மாசம் சுமார் 6,608 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 7.93 லட்சம். '15 வருஷமா நீட்டுங்க சார்'னு கேட்டால் மாசத் தவணை 5,373 ஆகக் குறையும், மொத்தம் 9.67 லட்சமாக ஏறும். டியூ குறைந்தால் கடன் குறைந்தது என்று அர்த்தம் இல்லை.

இன்னும் ஒரு செலவு இருக்கு. அதை எந்த பேங்க் பேப்பரிலும் எழுத மாட்டாங்க. படிக்கப் போன இரண்டு வருஷம் அந்தப் பொண்ணுக்கு சம்பளம் இல்லை. 18,000 வீதம் 24 மாசம்... 4.32 லட்சம்! கடனை விட இது பெருசு.

சரி, படிச்சு முடிச்ச கையோடு 30,000 ரூபாயில் வேலை கிடைக்குதுன்னு வச்சுக்குவோம். பழைய சம்பளத்தை விட மாசம் 12,000 கூடுதல். முதல் வருஷம் டியூ இல்லை, 1.44 லட்சம் மிச்சம். அதுக்கு அப்புறம் டியூ போக மாசம் 5,392 நிற்கும். விட்டுப்போன 4.32 லட்சத்தை மீட்டு எடுக்க, வேலையில் சேர்ந்ததில் இருந்து சுமார் அஞ்சரை வருஷம் ஆகும். 23 வயசில் படிக்கப் போனால் 30 தாண்டித்தான் லாபக் கணக்கே ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் வருகிற இன்கிரிமென்ட்டை இதில் சேர்க்கவில்லை. சம்பள உயர்வு நல்லா இருந்தால் சீக்கிரமாகவும் மீளலாம்.

அதே பொண்ணுக்கு 24,000-ல்தான் வேலை கிடைச்சதுன்னா? கூடுதல் 6,000. டியூ 6,608. பத்து வருஷமும் மாசா மாசம் கையில் இருந்து 608 ரூபாய் போட்டுக் கட்டணும். பட்டம் மேலே ஏறும். பணம் கீழே இறங்கும்.

ஃபீஸ் அதிகமான காலேஜில் சேர்ந்து 8 லட்சம் வாங்கியிருந்தால், டியூ 13,215. முப்பதாயிரம் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் கம்மி. சென்னையில் ரூம் வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்புவது... எங்கே போகும்?

ஒரு எளிமையான அளவு வச்சுக்கலாம். மொத்தக் கடன், வேலைக்குச் சேர்கிற முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. முப்பதாயிரம் சம்பளம்னா வருஷத்துக்கு 3.6 லட்சம். நம்ம பொள்ளாச்சிப் பொண்ணின் 4 லட்சமே கோட்டைக் கொஞ்சம் தாண்டியாச்சு!

போர்வண்டியும் பட்டமும்

'எங்க மாமா போர்வண்டிக்கு வாங்காத கடனா?'ன்னு சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. ஓடலைன்னா வண்டியை விற்கலாம். பேங்கே இழுத்துட்டுப் போகும். பட்டத்தை விற்க முடியாது, யாரும் எடுத்துட்டுப் போகவும் மாட்டார்கள். கடன் மட்டும் நம்ம பேரில் நிற்கும். நம்ம பேரில் மட்டுமா? அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கார். நாம் டியூ விட்டால், அவரோட சிபிலும் அடிவாங்கும். அடுத்த வருஷம் அவர் வீட்டுக் கடனுக்கோ, தோட்டத்துக்கு டிராக்டர் எடுக்கவோ போகும்போது, மேனேஜர் கம்ப்யூட்டரில் நம்ம பேர் வரும்.

'எலெக்‌ஷன் வந்தா தள்ளுபடி ஆயிடும்'னு ஒரு கூட்டம் இருக்கு. தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் பேச்சு வரும். அதை நம்பி டியூவை நிறுத்தினால் வட்டியும் ஏறும், சிபிலும் இறங்கும்.

எம்.பி.ஹெச்.சுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. டாக்டர், பல் டாக்டர், பிசியோ எல்லாம் வேலை கிடைக்கலைன்னா காந்திபுரத்தில் ஒரு போர்டு மாட்டி கிளினிக் போடலாம். எம்.பி.ஹெச்.சை மட்டும் வைத்து போர்டு மாட்ட முடியாது. யாராவது நமக்கு வேலை கொடுத்தால்தான் உண்டு.

ஃபாரின் போலாமா?

'இங்கே சம்பளம் கம்மின்னா அமெரிக்கா போயிடலாமே?' இதுக்கும் கணக்கு இருக்கு. 30 லட்சம் கடன், 11 சதவீதம் வட்டி, இரண்டு வருஷப் படிப்புன்னு வைங்க. டியூ ஆரம்பிக்கும்போது கடன் 38.25 லட்சம். பத்து வருஷத்துக்கு மாசம் சுமார் 52,690. பதினைந்து வருஷம்னாலும் 43,475. அங்கேயே டாலரில் சம்பளம் வாங்கினால் சமாளிக்கலாம். விசா கிடைக்காமல் கோவைக்குத் திரும்பி வந்து, இங்கே புராஜெக்ட் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா?

அந்த விசாக் கதவும் முன்னை மாதிரி இல்லை. 2025 செப்டம்பரில் புது எச்1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தது. பிரிட்டனில் படிப்பு முடித்து 2 வருஷம் தங்கி வேலை தேடலாம் என்பது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாசம் ஆகிறது. பி.ஹெச்டி. முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிற கலர் போஸ்டரில் இதெல்லாம் போட்டிருக்காது.

அப்போ படிக்கவே கூடாதா?

யார் சொன்னது? யார் படிக்கிறார் என்பதைப் பொறுத்து கணக்கு மாறும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்: அடிப்படைப் பட்டமே சோறு போடும். பப்ளிக் ஹெல்த் தகுதி அவருக்குப் பதவிக்கான படிக்கட்டு. கடன் பயம் குறைவு.

பல் மருத்துவம், நர்சிங், பிசியோ, சித்தா முடித்தவர்: திரும்பிப் போக ஒரு தொழில் கையில் இருக்கு. முதலில் இரண்டு வருஷம் வேலை பார்த்துட்டுப் படிக்கப் போனால், கடனும் குறையும், அனுபவமும் சேரும். இந்தத் துறையில் ஃபீல்டு அனுபவத்துக்குத் தனி மரியாதை உண்டு.

பி.எஸ்சி., பி.இ. முடித்தவர்: இவங்கதான் ரொம்ப யோசிக்கணும். எம்.பி.ஹெச். தனியாக இவர்களைத் தூக்கிவிடாது. கூடவே புள்ளியியல், டேட்டா அனாலிசிஸ் மாதிரி ஒரு கைத்தொழில் வேணும். அது இருந்தால் ஆராய்ச்சி நிறுவனம், இன்ஷூரன்ஸ், மருந்து கம்பெனின்னு கதவுகள் கூடும். எல்லா காலேஜும் எல்லாப் பட்டத்தையும் எடுப்பதில்லை. தகுதிப் பட்டியலை முதலில் பாருங்க.

காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கே முதல் முயற்சி. நுழைவுத் தேர்வு கஷ்டம்தான். ஒரு வருஷம் வேலை பார்த்துக்கிட்டே மறுபடி எழுதினாலும் நஷ்டம் இல்லை. நம்ம கணக்கில் ஒவ்வொரு லட்சம் கடனும், பத்து வருஷத்துக்கு மாசம் 1,652 ரூபாய் டியூவாகத் திரும்பி வரும்.

பேங்க் போறதுக்கு முன்னால்...

* 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. அதுக்கு அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கு. விண்ணப்பிக்க வித்யாலட்சுமி போர்ட்டல் உண்டு.

* குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழில்முறைப் படிப்புகளுக்கு மோரடோரியம் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கு. இது யு.ஜி.யிலோ பி.ஜி.யிலோ ஒரே ஒரு தடவைதான்! யு.ஜி.யில் வாங்கியிருந்தால் பி.ஜி.க்குக் கிடையாது. வெளிநாட்டுப் படிப்புக்கும் கிடையாது. உங்கள் கோர்ஸும் காலேஜும் இதில் வருமான்னு மேனேஜரிடம் கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

* 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு ஜாமீன் இல்லாமல் கடன். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. உங்கள் காலேஜ் அந்தப் பட்டியலில் இருக்கான்னு சேர்வதற்கு முன்னால் பாருங்க.

* படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால், நம்ம 4 லட்சம் கணக்கில் டியூ 5,286 ஆகக் குறையும். மொத்தத்தில் சுமார் 58,000 ரூபாய் மிச்சம். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் குறைக்கிற வழக்கமும் பேங்குகளில் உண்டு. கேளுங்க.

* காலேஜில் கேட்க வேண்டியது 'பிளேஸ்மென்ட் எத்தனை பர்சென்ட்'னு இல்லை. 'போன பேட்ச்சில் என்னை மாதிரி, டாக்டர் இல்லாதவங்க எங்கே வேலை பார்க்கறாங்க, ஒப்பந்தமா நிரந்தரமா, எத்தனை மாசம் கழிச்சு வேலை கிடைச்சது'ன்னு கேளுங்க. முடிந்தால் அந்த சீனியர்கள் நம்பரையே வாங்கிப் பேசுங்க.

பொண்ணுங்களுக்கு மட்டும் ஒரு எக்ஸ்ட்ரா கணக்கு

இதைப் பேசாமல் விட்டால் கட்டுரை முழுசாகாது. நம்ம பக்கம் பொண்ணு பேரில் கடன்னாலே, 'நாளைக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் டியூ யார் கட்டறது'ன்னு கேட்பாங்க. சில வீட்டில் அந்த பயத்திலேயே படிப்பை நிறுத்திடறாங்க. சில வீட்டில் நகையை அடகு வச்சுக் கடனை அடைக்கறாங்க. இரண்டுமே அந்தப் பொண்ணுக்குத்தான் நஷ்டம்.

பத்து வருஷ டியூன்னா, 26 வயசில் ஆரம்பிச்சு 36 வரைக்கும் ஓடும். கல்யாணம், குழந்தை, ஊர் மாற்றம் எல்லாம் இதுக்குள்ளேதான் வரும். வேலையை விட வேண்டி வந்தாலும் டியூ நிற்காது. அதனால் அம்மணிகளே, கடனைச் சின்னதாக வாங்குங்க. ஐந்து, ஆறு வருஷத்தில் அடைக்கிற மாதிரி வாங்குங்க. வரன் பேசும்போது மறைக்காமல், 'எனக்கு இவ்வளவு கடன் இருக்கு, என் சம்பளத்தில் நானே கட்டுவேன்'னு முதல் நாளே சொல்லிடுங்க. அதைக் கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும்.

பொதுச் சுகாதாரம் நல்ல படிப்பு. நம்ம ஊருக்குத் தேவையான படிப்பும்கூட. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாதிரி வீடு தேடிப் போகிற திட்டங்கள் வளர வளர, கணக்கெடுக்கவும் திட்டம் போடவும் ஆள் வேணும். அந்த வேலைகளை நிரந்தரமாக்கி, டாக்டர் அல்லாதவர்களுக்கும் மேலே போக ஒரு படி போட்டுக் கொடுப்பது அரசு செய்ய வேண்டியது. அது வருகிற வரைக்கும், அந்தச் சம்பளத்தை இன்றைக்கே எண்ணி 8 லட்சம், 10 லட்சம் என்று கையெழுத்துப் போடாதீங்க.

கணக்குப் போட்டுப் பார்த்து, 4 லட்சத்துக்குள் முடியும், கையில் இன்னொரு தொழிலும் இருக்கு என்றால் தைரியமாப் போங்க. வீட்டில் 'மாசம் எவ்வளவு கண்ணு வரும்?'னு கேட்டால், வரவையும் டியூவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரே பேப்பரில் காட்டுங்க. நம்ம அப்பா அம்மாவுக்கு எபிடெமியாலஜி புரியாமல் போகலாம். வரவு செலவு புரியாமல் போகாது!